இரண்டாவது பெயர்

தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் வரைபடம் போட்டுக் கொடுக்கும் அந்த நிறுவனத்தில் அவருக்குச் சாவி என்று பெயர் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. முதலில் அப்படிக் கூப்பிட்டது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். வரைபட மென்பொருள் முதன்முதலாக அங்கே வந்தபோது அதனுடன் கட்டைவிரல் நீளத்தில் பச்சை நிறத்தில் ஒரு கட்டை வந்தது. அதைக் கணினியின் முதுகில் செருகினால்தான் மென்பொருள் கண் திறக்கும். சாயங்காலம் அதைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுவது, காலையில் எடுத்துச் செருகுவது என்கிற பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள். அப்போது அவர் நகல் அறையில் இருந்தார். அம்மோனியா நெடியில் நின்றுகொண்டு நாளெல்லாம் நீலத்தாள் உருட்டுகிற வேலை. அந்த அறையை இழுத்து மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். அதனால் கட்டையைக் காப்பாற்றுகிற வேலையை அவர் கண்ணும் கருத்துமாகச் செய்தார்.

சில வருஷங்களில் கட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதன் இடத்துக்கு லைசென்ஸ் சர்வர் வந்தது. படிக்கட்டுக்கு அடியில் ஏசி போட்ட ஒரு சின்ன அறை, அதற்குள் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு கணினி. வரைவாளர்கள் முப்பத்திரண்டு பேர். நிறுவனம் வாங்கியிருந்த லைசென்ஸோ பதினான்கு. யார் மென்பொருளைத் திறந்தாலும் அந்தக் கணினி பதினான்கில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும், மூடினால் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளும். பதினைந்தாவது ஆள் காத்திருக்க வேண்டும். சர்வரே நின்றுவிட்டால் முப்பத்திரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதைத் தொடங்கவும் நிறுத்தவும் அனுமதி வேண்டும். மென்பொருளைத் திறந்துவைத்துவிட்டு ஊர்க்கதை பேசப் போனவனிடமிருந்து லைசென்ஸைப் பிடுங்கவும் அதே அனுமதி வேண்டும். அனுமதி உள்ளவர்களின் பட்டியல் அந்தக் கணினிக்குள்ளேயே இருந்தது. அதில் ஒரே ஒரு பெயர்தான். சாவியின் பெயர்.

அவர் பெரிய படிப்பு படித்தவர் இல்லை. கணினியை அவருக்கு யாரும் உட்கார்த்திச் சொல்லித்தரவும் இல்லை. மென்பொருளோடு வந்த கையேட்டை அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். இரண்டு முறை எல்லாவற்றையும் கெடுத்து, இரண்டு முறை சரிசெய்து, மூன்றாவது முறை ஓட வைத்தார். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் யாரும் மூக்கை நுழைத்தால் அவருக்குப் பிடிக்காது. வரைவாளர்கள் அவரிடம் வந்து நிற்பார்கள். “சார், ஒண்ணு கிடைக்குமா? அரை மணி நேர வேலைதான்.” அவர் திரையைப் பார்ப்பார். எவன் எழுந்து போய் எவ்வளவு நேரமாயிற்று என்று அதில் இருக்கும். “டீ குடிக்கப் போறவன் லைசென்ஸையும் டம்ளர்ல ஊத்திக்கிட்டுப் போனா என்ன பண்றது?” என்று சொல்லிக்கொண்டே ஒருவனிடமிருந்து பிடுங்கி இன்னொருவனுக்குக் கொடுப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும்.

இன்னொரு பெயரையும் சேர்த்து வைக்கலாமே என்று மேலாளர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இரண்டு பேர் கை வைத்தால் எதை யார் செய்தார்கள் என்றே தெரியாது என்று சாவி பிடி கொடுக்காமல் பேசினார். மேலாளருக்கும் தலைக்கு மேல் வேலை, விட்டுவிட்டார். வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி, “உங்க ஆபீஸ்ல உங்களைத் தவிர வேற யாருக்கும் கையே கிடையாதா?” என்று கேட்டாள். அவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கேலி பேசும்போதும் எதிரில் இருப்பவரின் கண்ணையே உற்றுப் பார்ப்பாள். அது தொழில் பழக்கம். விடுமுறைக்கு எங்கே போனாலும் அவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருவார். கடற்கரையில் ஒருமுறை, கால் நனைத்துக்கொண்டிருந்த மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு, நிழல் தேடிப் போய் உட்கார்ந்து சர்வரைத் தட்டி எழுப்பிவிட்டு வந்தார். அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரிப்பார்கள். அவருக்கும் அதில் உள்ளூரச் சந்தோஷம்தான்.

மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது ஒரு மழைக்காலத்தில். சளி என்று நினைத்தார்கள். இரண்டு மாடி ஏறுவதற்குள் நான்கு தடவை நின்றபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவது நாள் நிலைமை தேறியிருந்தது. மறுநாள் சாதாரண அறைக்கு மாற்றிவிடலாம் என்று காலையில் டாக்டர் சொன்னார். மகளுக்கு அன்று கல்லூரியில் பரீட்சை. அம்மாவே அவளைப் போகச் சொன்னாள். “நான் எங்க ஓடிப்போகப் போறேன்? எழுதிட்டு வா.”

பத்தரை மணிக்கு அவருடைய போன் அடித்தது.

அழைத்தவளை அலுவலகத்தில் தொட்டியக்கா என்பார்கள். எண்ணெய்த் தொட்டிகளை அவளைப்போல் வரைய அங்கே வேறு ஆள் இல்லை. அவளுக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும், சாவியை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். கட்டடத்தில் மின்சாரம் போய்விட்டது, பேட்டரியும் கைவிட்டுவிட்டது, மின்சாரம் திரும்பிவந்தும் சர்வர் தொடங்கவில்லை என்றாள். பன்னிரண்டு மணிக்குள் அவள் ஒரு வரைபடத்தை அனுப்பியாக வேண்டும். மேலாளர் பக்கத்திலேயே நிற்கிறார்.

என்ன நடந்திருக்கும் என்று சாவிக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த சர்வர் அவருடைய பெயரில், அவருடைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டுதான் ஓடியது. ஆரம்ப நாட்களில் அவசரத்துக்கு அப்படி அமைத்தது, அப்படியே நிலைத்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்பது நிறுவன விதி. போன வாரம் மாற்றினார். மாற்றினால் சர்வரிடமும் புதிதைச் சொல்லிவைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சொல்லுவார். இந்தமுறை வீட்டில் இருமல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் மறந்துவிட்டார். ஓடுகிற வரைக்கும் அது கண்டுகொள்ளவில்லை. நின்று மறுபடி எழும்போது பழைய பாஸ்வேர்டை நீட்டியது, கதவு திறக்கவில்லை.

வார்டுக்குள் போன் சரியாகக் கேட்காது. லிஃப்ட் பக்கத்தில் ஒரு ஜன்னல் இருந்தது, அங்கே போனால் கேட்கும். மனைவியிடம் சைகையில் சொல்லிவிட்டுப் போனார். அவள் போங்கள் என்று கையை ஆட்டினாள்.

தொட்டியக்கா தன் பெயரில் உள்ளே நுழைந்து எதைத் தொட்டாலும் அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று வந்தது. சாவி மடிக்கணினியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். வேறு வழியில்லாமல் தன் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். இது பெரிய எழுத்து, இது சின்ன எழுத்து, இது பூஜ்யம், ஓ எழுத்து இல்லை. அவள் மூன்று தடவை தப்பாக அடித்தாள். மூன்று தடவை தப்பினால் கணக்கு பத்து நிமிஷத்துக்குப் பூட்டிக்கொள்ளும். அதுவும் அவர் போட்டு வைத்த விதிதான்.

அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் வார்டுக்குப் போய்விட்டு வந்திருக்கலாம். போகவில்லை. லைனைத் துண்டித்துவிட்டால் மறுபடி கிடைக்காது என்று ஜன்னலோரமே நின்றார். கீழே ஒருவர் வண்டியைப் பின்னால் எடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூட்டுத் திறந்தது. நாலாவது தடவை சரியாக அடித்தாள். சர்வரின் அமைப்புக்குள் போக வேண்டும், பழையதை அழித்துப் புதியதை இரண்டு இடத்தில் போட வேண்டும். அப்போது ஒரு நர்ஸ் வேகமாக வந்து, டாக்டர் கூப்பிடுவதாகச் சொன்னாள். அவர் ஒரு விரலைக் காட்டிச் சொன்னார்: ஒரு நிமிஷம். அது ஏழெட்டு நிமிஷம் ஆயிற்று. சர்வர் தொடங்கிவிட்டது என்று அந்தப் பக்கம் எல்லோரும் கைதட்டியது அவருக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டு நடந்து போனார். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே ஐந்தாறு பேரின் கால்கள் தெரிந்தன.

அந்த அழைப்பு நாற்பத்தொரு நிமிஷம் நீடித்ததாகப் போன் காட்டியது. அதை அவர் மறுநாள்தான் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன் என்று மகளிடம் சொன்னார். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் முப்பதடி தூரம்தான், அதனால் அது முழுப் பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி இறந்த ஒன்பதாம் நாள் வேலைக்குப் போனார். ஆறுதல் சொல்ல வந்தவர்களை உட்காரச் சொல்லி, அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, யாருக்காவது லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்டார்.  ஒருவன் வேண்டும் என்றே சொல்லிவிட்டான். அவனுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

அவருக்கு அழுகை வரவில்லை. வரும் என்று முதல் மாதம் காத்திருந்தார், பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டார். சாப்பிட்டார், தூங்கினார், துணி துவைத்தார். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கடைசி நிறுத்தம் வரை போய்விடுவது அடிக்கடி நடந்தது. எல்லோரும் இறங்கியாயிற்று என்று கண்டக்டர் வந்து சொல்வார். அதே பஸ்ஸில் உட்கார்ந்து திரும்பி வருவார். அதில் எரிச்சலோ வெட்கமோ ஏற்படவில்லை. அலுவலகத்தில் திரையில் பதினான்கு இடங்களில் பெயர்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். எழுந்து போனவனிடமிருந்து பிடுங்குவதைக் குறைத்துக்கொண்டார். கேட்டால், “வந்துருவான், இருங்க” என்பார்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. அவள் அம்மாவைப்போல வாயாடி. அப்பாவிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்துப் பார்ப்பாள். அவர் பதில் சொல்வார், ஆனால் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போக வழி இருக்காது. சாவடித்தாலும் ‘ஆமா’, ‘இல்ல’, ‘பாக்கலாம்’ என்று மூன்று வார்த்தைதான் வருகிறது என்று தன் சித்தியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது பக்கத்து அறையில் இருந்த அவர் காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார்.

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. ஏழாவது மாதம் ஒரு பெண் வந்தாள். எண்ணெய் நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்கள் தங்கள் கணினிகளின் பாதுகாப்பை வெளியாளை வைத்துச் சோதித்துக்கொள்ள வேண்டுமாம். அந்தச் சோதனைக்கு வந்தவள். இளவயது, சத்தம் போடாமல் பேசுவாள், எதையும் சிரித்துக்கொண்டே கேட்பாள். இரண்டு நாள் சர்வர் அறையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். சர்வர் ஒரு மனிதருடைய சொந்தக் கணக்கில் ஓடக்கூடாது, அதற்கென்று தனியாக ஒரு கணக்கு வேண்டும் என்றாள். அந்தக் கணக்குக்குத் தேவையான கோப்புகளைத் தவிர வேறெதையும் தொட உரிமை இருக்கக்கூடாது. தொடங்கவும் நிறுத்தவும் அனுமதி உள்ளவர்கள் ஒரு குழுவாக இருக்க வேண்டும், ஒவ்வொருவரும் அவரவர் பெயரில் நுழைந்துதான் செய்ய வேண்டும், பாஸ்வேர்டை எந்தக் காரணத்துக்காகவும் அடுத்தவரிடம் சொல்லக்கூடாது.

“இதுவரைக்கும் யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா சார்?” என்று கேட்டாள்.

“ஒரு தடவை” என்றார்.

அவள் அதை எழுதிக்கொண்டாள். எப்போது என்று கேட்கவில்லை.

போகும்போது ஒரு படிவம் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஒரு வரி: இரண்டாவது நபரை நியமிக்காததற்குக் காரணம். சாவி மற்ற எல்லாவற்றையும் ஒரே மதியத்தில் நிரப்பிவிட்டார். இந்த வரியில் ‘தேவை ஏற்படவில்லை’ என்று எழுதினார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தார். மறுநாள் வேறு ஏதோ எழுதி அதையும் அழித்தார். மேலாளர் வந்து, “என்ன சாவி, ஒரு வரிக்கு மூணு நாளா?” என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, கீழே இருந்த கட்டத்தில் இரண்டாவது நபர் என்று தொட்டியக்காவின் பெயரை எழுதினார்.

ஏன் அவளை எழுதினார் என்று அவரைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. ஏற்கெனவே ஒருமுறை செய்தவள், அவ்வளவுதான் என்றிருப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை இருவரும் சர்வர் அறையில் ஒட்டி உட்கார்ந்தார்கள். இரண்டு நாற்காலி போட்டால் கதவு சாத்தாது. ஏசிக் காற்றுக்குத் தொட்டியக்கா துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவர் புதிய கணக்கை உருவாக்கிக் காட்டினார். குழு ஒன்று அமைத்து அதில் அவளுடைய பெயரைச் சேர்த்தார். எந்தக் கோப்பைப் படிக்கலாம், எதில் எழுதலாம், எதைத் தொடவே கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

“அண்ணா, ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கேன்.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அன்னைக்கு போன்ல நர்ஸ் கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. சார் சீக்கிரம் வாங்கன்னு சொன்னாங்க. நீங்க ஒரு நிமிஷம்னு சொன்னீங்க. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நீங்க போங்கண்ணா, இது கெடக்கட்டும்னு சொல்லியிருக்கணும். மேனேஜர் பக்கத்துல நின்னுட்டிருந்தாரு. எனக்கும் அந்த டிராயிங்தான் மனசுல இருந்துச்சு. அடுத்து என்ன பண்ணணும்னு உங்களைக் கேட்டேன்.”

அவள் குரல் உடையவில்லை. பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தவள்போல் ஒரே சீராகச் சொன்னாள். சாவியின் கை மவுஸின் மேல் இருந்தது. உள்ளே எங்காவது எதுவாவது அசைகிறதா என்று பார்த்தார். அசையவில்லை. தூரத்தில் யாரோ யாரிடமோ சொன்னதைக் கேட்டதுபோல் இருந்தது.

“இந்த இடத்துல பாஸ்வேர்டை ரெண்டு தடவை போடணும்மா” என்றார். “ரெண்டும் ஒண்ணா இருக்கணும்.”

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்த வாரமே மகள் அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். இடது கன்னம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. கண்ணாடியில் தினமும் சவரம் செய்துகொண்டவர், கவனிக்கவில்லை. பல் டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு கடைவாய்ப் பல் சீழ் பிடித்து எலும்பு வரை போயிருக்கிறது என்றார். இத்தனை நாள் எப்படித் தாங்கினீர்கள், வலிக்கவில்லையா என்று கேட்டார். வலித்ததா என்று யோசித்துப் பார்த்தார். இருந்திருக்கலாம். மகள் அவருக்குப் பதிலாக, “எங்கப்பாவுக்கு எதுவும் வலிக்காது டாக்டர்” என்றாள். டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

புதன்கிழமை பல்லைப் பிடுங்கினார்கள். இரண்டு நாள் பேசக்கூடாது, தலையை உயர்த்திப் படுத்திருக்க வேண்டும். வாயில் பஞ்சோடு வீட்டில் கிடந்தார். போன் தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது. புதனும் அடிக்கவில்லை, வியாழனும் அடிக்கவில்லை. சாயங்காலம் பழுதோ என்று எடுத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போனதும் வழக்கம்போல் சர்வரின் பதிவேட்டைத் திறந்தார். யார் எப்போது என்ன செய்தார்கள் என்று அந்தக் கணினி தானாகவே எழுதி வைத்துக்கொண்டே வரும், அதைப் படிப்பதுதான் காலையில் அவருடைய முதல் வேலை. வியாழக்கிழமை பத்து நாற்பதுக்கு சர்வர் நின்றிருந்தது. அடுத்த வரியில் தொட்டியக்காவின் பெயர். அதற்கடுத்த வரியில் சர்வர் தொடங்கியது. மணி பத்து நாற்பத்து நான்கு.

அவளைக் கூப்பிட்டு விவரம் கேட்டார். எலக்ட்ரீஷியன் சுவிட்சை மாற்றி அணைத்துவிட்டான் என்றாள். சின்ன விஷயம், அதனால்தான் அவருக்குச் சொல்லவில்லை.

“எங்கயும் மாட்டிக்கலையா?”

“இல்லண்ணா. என் பேர்லயே உள்ள போனேன். தொடங்குன்னு குடுத்தேன். தொடங்கிருச்சு.”

“நாலு நிமிஷம்” என்றார் சாவி.

“அதுல பாதி படிக்கட்டு இறங்கின நேரம்” என்றாள் அவள், ஏதோ சமாதானம் சொல்வதுபோல.

அவர் திரையைப் பார்த்தபடி இருந்தார். நாற்பத்தொன்றில் நான்கு போனால் முப்பத்தேழு. கணக்கு தானாகவே வந்து நின்றது. முப்பத்தேழு நிமிஷம் அவர் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஒரு பெயரைப் பட்டியலில் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் இப்போது அவருக்குத் தெரியும். போன திங்கட்கிழமைதான் செய்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் எழுந்தார்.  மறுபடி உட்கார்ந்தார். தொட்டியக்கா தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று திரும்பியபோது வேண்டாம் என்றார்.

“அன்னைக்கு நீ சொன்னதுக்கு நான் பதிலே சொல்லலை.”

“பரவால்லண்ணா.”

“உன் மேல ஒண்ணும் இல்லம்மா. நீ போங்கன்னு சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்.” பல் இருந்த இடத்தில் நாக்கு இடித்தது, வார்த்தை குழறியது. “உன் பேரை அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே சேத்திருக்கணும். மேனேஜர் கேட்டாரு. நான்தான் விடலை.”

அவள் மாடிக்குப் போனாள்.  அவர் மதியம் வரை அந்த அறையிலேயே இருந்தார். குளிரில் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. அதை உணர்ந்து கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் மகள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஜன்னல், போன், பாஸ்வேர்ட், பூட்டிக்கொண்ட பத்து நிமிஷம், நர்ஸ், ஒரு விரல் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அலுவலகத்தில் ஒரு கோளாறு எப்படி நடந்தது என்று விளக்குகிற அதே குரலில்தான் சொல்ல வந்தது. வேறு குரல் அவரிடம் இல்லை. பக்கத்தில் இருந்ததாகச் சொன்னது பொய் என்றும் சொன்னார்.

மகள் அடுப்பைக் குறைத்தாள்.

“எனக்குத் தெரியும்ப்பா. நீங்க வெளியிலதான் இருந்தீங்கன்னு நர்ஸ் சொன்னாங்க.”

“நீ கேக்கலையே.”

“கேட்டா என்ன சொல்வீங்க? பாக்கலாம்னு சொல்வீங்க.”

அவருக்கு அதில் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆனால் சிரிக்க வேண்டிய இடம் அது என்று தெரிந்தது. அதுவே பல மாதங்களாகத் தெரியாமல் இருந்தது.

“எத்தனை மணிக்கு?” என்று அவள் கேட்டாள். “சரியா?”

“பதினொண்ணு பத்துக்குள்ள.”

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். “நான் அப்ப மூணாவது கேள்வி எழுதிட்டு இருந்திருப்பேன். அதுக்கு அப்புறமும் ரெண்டு கேள்வி எழுதினேன். ஒண்ணுமே தோணலை எனக்கு. மனசுக்கு எதாவது தெரியும்னு சொல்றாங்கல்ல, ஒண்ணும் தெரியலை. நல்லாவே எழுதினேன். எண்பத்திரெண்டு வந்துச்சு.”

“சொல்லவே இல்லையே.”

“யார்கிட்ட சொல்றது?”

அவர் உள்ளே வந்து, பாத்திரங்கள் அடுக்கிவைத்திருந்த மேடையில் சாய்ந்து நின்றார். என்ன கேள்வி என்று கேட்டார். எது என்றாள். அந்த மூணாவது கேள்வி. அவள் உணவுத் தொழில்நுட்பம் படித்தாள் என்பது அவருக்குத் தெரியும், அதற்குள் என்ன இருக்கிறது என்று அதுவரை கேட்டதில்லை. பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் கேள்வி என்று அவள் சொன்னாள். ஒரு கண்ணாடிக் குழாயில் முதலில் அமிலம் ஊற்ற வேண்டும், அப்புறம் பாலை மெதுவாக விட வேண்டும், மூடி இயந்திரத்தில் வைத்துச் சுழற்ற வேண்டும். கொழுப்பு மட்டும் பிரிந்து குழாயின் கழுத்துக்கு ஏறி வரும். அங்கே கோடு போட்டிருக்கும், அளவைப் பார்த்துக்கொள்ளலாம்.

“அமிலத்தை ஏன் முதல்ல ஊத்தணும்?” என்றார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு டம்ளரை எடுத்துக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் காட்டிக்கொண்டே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.